ஹைபரியில் இன்றும் ஆடலாம்: பழைய 'ஆர்சனல் கிளப் ஃபுட்பால்' விளையாட்டைக் கணினியில் ஓட்டுவது எப்படி?

2003-ல் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் ஒரே கால்பந்து வீடியோ விளையாட்டைச் செய்து, ஒவ்வொரு கிளப்பின் பெயரிலும் தனித்தனி டிஸ்க்காக விற்றது. மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், பார்சிலோனா, ஏசி மிலான் என்று பட்டியல் நீளும். உள்ளே ஆட்டம் ஒன்றுதான்; உறையும் சட்டையும் சொந்த மைதானமும்தான் வேறு. ஆட்டத்தின் தரத்தில் அந்தக் காலத்து ஃபீஃபா, புரோ எவல்யூஷன் ஆகிய கால்பந்து விளையாட்டுகளுக்கு இது ஈடில்லை என்பது என் கருத்து.

அப்புறம் ஏன் ஆட வேண்டும்? ஆர்சனல் பதிப்பில் ஹைபரி இருக்கிறது. 1913 முதல் அந்த அணியின் வீடாக இருந்த மைதானம் அது. 2006 மே 7 அன்று அங்கே நடந்த கடைசி ஆட்டத்தில் விகன் அணியை ஆர்சனல் 4-2 என்று வென்றது. தியரி ஹென்றி மூன்று கோல் போட்டார். இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். வாங்குவதானால் இந்தப் பதிப்பையே வாங்குங்கள்.

1. சரியான டிஸ்க்

பழைய விளையாட்டு விற்பவர்களிடம் தேடும்போது உறையில் 'பிளேஸ்டேஷன் 2' (சோனியின் விளையாட்டுப் பெட்டி) என்று இருக்கிறதா பாருங்கள். எக்ஸ்பாக்ஸுக்கும் இதே பெயரில் வந்தது. அந்த டிஸ்க்கைச் சாதாரண டிவிடி டிரைவ் முழுதாகப் படிக்காது. அடிப்பக்கத்தில் ஆழமான கீறல் இருந்தால் விலை குறைவென்று ஆசைப்பட வேண்டாம்.

2. பயாஸ்

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பிசிஎஸ்எக்ஸ்2 என்ற எமுலேட்டர், அதாவது கணினியை பிளேஸ்டேஷன் 2 போல நடக்க வைக்கும் மென்பொருள், இலவசம். ஆனால் பிளேஸ்டேஷனின் பயாஸ், அதாவது பெட்டியைத் தொடக்கிவைக்கும் உள் நிரல், சோனியின் சொத்து, எமுலேட்டரோடு வராது. வலையில் கிடைப்பதை இறக்குவது சட்டப்படி சரியல்ல. உங்களிடம் இருக்கும் பிளேஸ்டேஷன் 2 பெட்டியிலிருந்தே எடுக்க வேண்டும்.

அதற்கு, வெளி நிரல்களைப் பெட்டியில் ஓடவைக்கும் 'ஃப்ரீ மெக்பூட்' ஏற்றிய மெமரி கார்டு ஒன்று வேண்டும். பெட்டியின் ஒல்லி (ஸ்லிம்) மாடல்களில் கடைசியாக வந்த சிலவற்றில் மட்டும் இது வேலை செய்யாது. பயாஸை நகலெடுக்கும் 'பயாஸ்டிரெய்ன்' என்ற சின்ன நிரலை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் போட்டு, பெட்டியில் செருகி ஓட்டுங்கள். அதே பென்டிரைவில் சில கோப்புகள் வந்து விழும். முக்கியமானது 4 எம்பி அளவில் இருக்கும். மற்றவற்றையும் தூக்கிப் போடாமல், பெயர் மாற்றாமல் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள்.

3. டிஸ்க்கைக் கோப்பாக்குதல்

விண்டோஸில் இம்க்பர்ன் என்ற மென்பொருள் போதும். டிஸ்க்கிலிருந்து இமேஜ் கோப்பு உருவாக்கும் பொத்தானை அழுத்தி, சேமிக்கும் இடத்தைக் காட்டுங்கள். டிஸ்க்கின் அடிப்பக்கம் வெள்ளி நிறமென்றால் டிவிடி. டிஸ்க்கின் முழு நகலாக ஒரே ஐஎஸ்ஓ கோப்பு கிடைக்கும்.

4. எமுலேட்டர் அமைப்பு

முதல் முறை திறந்ததும் பிசிஎஸ்எக்ஸ்2 தானே ஒவ்வொன்றாகக் கேட்கும்: மொழி, பயாஸ் ஃபோல்டர், விளையாட்டு ஃபோல்டர், கன்ட்ரோலர். யூஎஸ்பி கன்ட்ரோலரை முன்பே செருகிவிட்டால், தானியங்கி மேப்பிங்கே பொத்தான்களைப் பொருத்திவிடும். கீபோர்டில் கால்பந்து ஆடுவது வீண் வேலை.

கிராபிக்ஸில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். படத்தின் நுணுக்கத்தைத் தீர்மானிக்கும் இன்டர்னல் ரெசல்யூஷனை மூன்று மடங்கு வைத்தால் முழு எச்டி திரைக்குப் பொருந்தும்; புல்லின் கோடுகள் பளிச்சென்று தெரியும். படத்தை அகலத் திரைக்கு இழுக்காதீர்கள், ஹென்றி குண்டாகிவிடுவார். 4:3 இருக்கட்டும்.

இங்கிலாந்து டிஸ்க் 50 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 50 படமாக, ஓடும். திரையில் 50 பிரேம் என்று காட்டினால் பழுதென்று நினைக்க வேண்டாம். வேகம் 100 சதவீதமாக இருந்தால் சரி. அதற்குக் கீழே விழுந்தால் ரெசல்யூஷனை இரண்டு மடங்காகக் குறையுங்கள்.

5. ஆட்டம்

இந்தத் தொடரின் குறும்பான வசதி, உங்கள் பெயரில் ஒரு வீரரை உருவாக்கி அணியில் சேர்க்கலாம் என்பது. சீசன் தொடங்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். ஹைபரியின் ஆடுகளம் சிறியதென்று பேர் வாங்கியது. அதனால் நீளமாக உதைப்பதைவிடக் குட்டைப் பாஸ்களில் பழகுங்கள்.

எஃப்1 அழுத்தினால் இருக்கும் நிலை அப்படியே சேமிக்கப்படும், எஃப்3 அதைத் திரும்பக் கொண்டுவரும். ஆனால் எமுலேட்டரைப் புதுப்பித்தபின் அந்தச் சேமிப்பு திறக்காமல் போகலாம். ஆகவே சீசனை விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் மெமரி கார்டு சேமிப்பிலும் போட்டு வையுங்கள்.