வார்ப்பாலைக் கழிவிலிருந்து டிராக்டர் எடைக்கட்டிகள்

பாரம் இழுக்கும் இழுவைப் போட்டியில் டிராக்டரின் முன்பக்கம் மேலெழாமலிருக்க மாட்டும் எடைக்கட்டிகளை, வார்ப்பாலையில் (இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும் ஆலையில்) மிஞ்சும் துண்டுகளையும் பழுதான வார்ப்புகளையும் உருக்கியே செய்துகொள்ளலாம். வார்ப்பிரும்பின் அடர்த்தி கன செ.மீ.க்கு ஏறத்தாழ 7.2 கிராம் என்பதால், 20 கிலோ கட்டிக்குச் சுமார் 2.8 லிட்டர் கொள்ளும் மணல் அச்சு தேவை. ஆறும்போது இரும்பு சுருங்குவதால், மணலில் அச்சுப் பதிக்கும் மாதிரியுருவின் அளவுகளைச் சுமார் 1 சதவீதம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

துத்தநாகம் பூசிய துண்டுகள் நச்சுப்புகை கக்கும்; அவற்றை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். வெறும் எடைதானே என்று கலவையில் சற்றுத் தாராளமாக இருக்கலாம், ஆனால் மாட்டும் கொக்கி மெல்லியதாக இருந்தால் அது விரைவாகக் குளிர்ந்து, எளிதில் நொறுங்கும் வெள்ளை வார்ப்பிரும்பாகிவிடும் என்பதால், அதைத் தடிமனாகவும் உள்மூலைகளை வளைவாகவும் அமைப்பதே நல்லது. ஈரம் பட்ட அகப்பையோ துண்டோ உருகிய இரும்பைத் தொட்டால் குழம்பு வெடித்துச் சிதறும். இரண்டையும் முன்கூட்டியே சூடேற்றி உலர்த்துவது கட்டாயம். ஆறிய கட்டியை எடைபோட்டு, உண்மையான எடையையே அதன்மீது பெயிண்டால் எழுத வேண்டும்.