முன் சக்கரத்தில் சத்தமா? பேரிங்கை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

பழைய பிக்கப் வண்டியில் முன்பக்கம் 'ஊ...' என்று இரைச்சல் வந்தால் உடனே பேரிங்கை (சக்கரம் எளிதாகச் சுழல உதவும் தாங்கி) வாங்க ஓடாதீர்கள். முதலில் காலியான, நேரான சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், ஸ்டீயரிங்கை மெதுவாக இடது பக்கம் சற்றே வளையுங்கள். அப்போது வண்டியின் பாரம் வலது சக்கரத்தில் சாயும். சத்தம் கூடினால் வலது பேரிங் மேல்தான் சந்தேகம். வலது பக்கம் வளைத்தால் இதற்கு நேர்மாறு. பிரேக்கை லேசாக மிதித்ததும் சத்தம் மாறுகிறதா? அப்படியானால் பிரேக் பேட், அது அழுத்திப் பிடிக்கும் டிஸ்க் பக்கம் பாருங்கள். டிஸ்க்குக்கும் அதன் பின்னால் உள்ள தகட்டுக்கும் நடுவே சிக்கிய சின்னக் கல்கூட அலறும் சத்தம் தரும்.

அப்புறம் பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் (சக்கரப் பகுதியை சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டு). இந்த ஒரு சோதனையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், வீண் செலவு அங்கேதான் தொடங்குகிறது. இடம் வலமாக மட்டும் ஆடினால் டை ராட் எண்டை, அதாவது ஸ்டீயரிங்கிலிருந்து வரும் கம்பி சக்கரப் பகுதியோடு சேரும் முனையைப் பாருங்கள்.

பின்சக்கர இழுவை உள்ள பழைய வண்டிகளில் பெரும்பாலும் கூம்பு வடிவ உருளைகள் கொண்ட டேப்பர் பேரிங்தான். உருளைகளில் குழியோ நீல நிறமோ இல்லையென்றால் கழுவி, புது கிரீஸ் அடைத்து, நட்டைச் சரிசெய்தாலே போதும். நட்டு கழலாமல் பூட்டும் பழைய ஸ்ப்ளிட் பின்னை மட்டும் மறுபடி போடாதீர்கள்.