முதல் சைக்கோசிஸுக்குப் பின் குழு சிகிச்சை: அவசரத்தில் செய்யும் தவறுகள்

கல்லூரியில் படிக்கும் பையனுக்கு யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறது, தெருவில் போகிறவர்கள் எல்லாம் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று பயப்படுகிறான். இப்படி நிஜம் எது, மனம் உண்டாக்குவது எது என்று பிரித்தறிய முடியாமல் போகும் நிலைதான் சைக்கோசிஸ். மருத்துவரைப் பார்த்து மாத்திரை ஆரம்பித்ததும், "ஏதாவது குரூப் தெரபியில சேர்த்துவிடுங்க டாக்டர்" என்று வீட்டில் கேட்பார்கள். நல்ல யோசனைதான். தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தவனிடம் அவன் வயதுக்காரன் ஒருவன் "எனக்கும் கேட்டுச்சு" என்று சொல்வது எந்த நிபுணராலும் தர முடியாத ஆறுதல். ஆனால் எப்போது, யாரோடு உட்கார வைக்கிறோம் என்பதில் அவசரம் கூடாது.

எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் உச்சத்தில் இருப்பவரை வட்டமாக உட்கார்ந்திருக்கும் புது ஆட்கள் நடுவில் விட்டால் பயம்தான் கூடும். தூக்கமும் பதற்றமும் ஓரளவு அடங்கட்டும். குழுவை நடத்துபவரை முதலில் தனியாகச் சந்திக்கட்டும். உள்ளே வந்த பிறகும் கதவோரமாக உட்கார, வேண்டுமென்றால் எழுந்து போக, பேசாமலே இருக்க அனுமதி வேண்டும். இந்த நோயே பேச்சையும் ஆர்வத்தையும் குறைத்துவிடும், சில மாத்திரைகள் மந்தமாக்கும். அந்த மௌனத்தைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து, "நீங்களும் ஏதாவது சொல்லுங்க" என்று நெருக்கக் கூடாது.

என்னைக் கேட்டால், இருப்பதிலேயே பெரிய தவறு ஆள் போதவில்லை என்பதற்காக இருபது வயதுக்காரரைப் பல வருடமாக நோயோடு போராடுகிறவர்களின் குழுவில் சேர்ப்பது. "நானும் இப்படித்தான் ஆகப் போறேனா?" என்ற கேள்வியோடு அவர் வீடு திரும்புவார். அரியர் பேப்பரை எப்போது எழுதுவது, இன்டர்வியூவில் விடுபட்ட வருடத்தைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது, நண்பர்களிடம் சொல்லலாமா என்பவை அவருடைய கவலைகள். மெல்போர்னில் மனநல மருத்துவர் பேட்ரிக் மெக்கோரி குழுவினர் 1992இல் தொடங்கிய எப்பிக் என்ற சைக்கோசிஸ் சிகிச்சைச் சேவை இளைஞர்களுக்கெனத் தனியாக அமைந்தது இதனால்தான். மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பிலும் முதல் முறை பாதிக்கப்பட்டவர்களுக்குத் தனித் திட்டம் உண்டு.

குழுவில் ஒருவர் "என் போனை ஒட்டுக் கேட்கிறாங்க" என்றால், அது பொய் என்று நிரூபிக்க எல்லோரும் கிளம்பிவிடக் கூடாது. ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவதும் தப்பு. "அப்போ ரொம்பப் பயமா இருந்திருக்குமே, அந்த நேரத்துல என்ன செய்வீங்க?" என்று கேட்கலாம். பாட்டு கேட்பேன், அம்மா பக்கத்தில் போய் உட்காருவேன் என்று ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பிப்பார்கள். அப்புறம், வேறு எப்படியும் இது நடந்திருக்கலாமா என்று மெதுவாக யோசிக்க வைக்கலாம்.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒன்று: "இன்னிக்கு என்ன பேசினீங்க?" என்று துருவாதீர்கள். உங்கள் கேள்விகளுக்குக் குடும்பத்தினருக்கான தனிச் சந்திப்பைக் கேளுங்கள். ஓயாமல் குறை சொல்லும் வீட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கு நோய் மறுபடி வருவது அதிகம் என்பதை லண்டனில் சமூகவியல் ஆய்வாளர் ஜார்ஜ் பிரவுன் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கண்டறிந்தார்.

குழுவில் சேர்ந்து நன்றாக இருக்கிறான் என்று மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்துகிறவர்களும் உண்டு. முதல் முறை பாதிக்கப்பட்டவர்களை 5 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கிட்டத்தட்ட 5 மடங்காக இருந்தது. குறைப்பதோ நிறுத்துவதோ மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டியது.

செத்துப் போகலாம் போலிருக்கிறது என்று சொன்னாலோ, அப்படிச் செய்யச் சொல்லிக் குரல் கேட்டாலோ, அடுத்த வாரக் குழுவுக்காகக் காத்திருக்காதீர்கள். அவரைத் தனியாக விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணான 14416ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.