உருகும் கடிகார ஓவியத்தை எப்படிப் பார்ப்பது?

ஸ்பானிய ஓவியர் சால்வடார் டாலி 1931இல் வரைந்த 'நினைவின் நிலைபேறு' என்றால் யோசிப்பீர்கள், உருகி வழியும் கடிகாரங்கள் என்றால் சட்டென்று ஞாபகம் வந்துவிடும். பொருள் என்ன என்று உடனே தேடப் போகாதீர்கள். முதலில் ஒரு ஏ4 தாளைக் கையில் எடுங்கள். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் அசல் ஓவியம் 24க்கு 33 செ.மீ., அந்தத் தாளைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கும்பகோணத்தில் ஒரு லாட்ஜ் சுவரில் ஆறடி பிரிண்டைப் பார்த்துவிட்டு, அசலும் அப்படித்தான் இருக்கும் என்று நான் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

சரி, இப்போது போனில் பெரிதாக்கிக் கடிகாரங்களை எண்ணுங்கள். நான்கு. அதில் மூன்று தொய்ந்து கிடக்கின்றன. கட்டுச்சோறு கட்ட வாழையிலையை அடுப்பு அனலில் காட்டுவோமே, விறைத்து நின்ற இலை சற்று நேரத்தில் ஈரத்துண்டு மாதிரி கையில் தொங்கும், ஆனால் நரம்பு ஒன்றுகூடப் போயிருக்காது. இந்தக் கடிகாரங்களும் அப்படித்தான், எண்ணும் முள்ளும் இருக்கின்றன, விறைப்பு மட்டும் இல்லை. கனவில் நேரம் இப்படித்தானே இருக்கிறது?

கெட்டியாக இருப்பது அந்த ஆரஞ்சு நிறக் கடிகாரம் ஒன்றுதான், அதில்தான் எறும்பு மொய்க்கிறது. இங்கே நாம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், ஏனென்றால் எறும்புக்கென்றே அரிசிமாவில் கோலம் போடுகிற ஊர்க்காரர்கள் நாம். டாலிக்கு எறும்பு என்றால் அழுகல். சின்ன வயதில் எறும்பு மொய்த்த வௌவாலைப் பார்த்ததைத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

அப்புறம், நடுவில் கிடக்கும் அந்த வெளுத்த உருவம். தலையைச் சாய்த்துப் பாருங்கள், மூடிய கண், நீண்ட இமைமுடி, மூக்கு எல்லாம் தெரியும். அது டாலியின் முகமே என்பார்கள். பின்னால் இருக்கும் பாறைகள் கற்பனை இல்லை, ஸ்பெயினில் இருக்கும் அவருடைய கட்டலோனியக் கடற்கரை.

ஐன்ஸ்டீனின் சார்பியல் கோட்பாடுதான் இது என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். டாலி சொன்னது வெயிலில் இளகிய கமம்பேர் பாலாடைக்கட்டியைத்தான்.

இடது பக்கத்துப் பட்ட ஒலிவ மரத்தைக் கடைசியாகப் பாருங்கள். 2018இல் கஜா புயல் அடித்த பிறகு பட்டுக்கோட்டைப் பக்கம் தலை போன தென்னைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த மரத்தை விளக்க வேண்டியதில்லை. இதே காட்சியை டாலி 1954இல் மறுபடி வரைந்து முடித்தார், தண்ணீருக்கடியில், கட்டை கட்டையாகப் பிரிந்தபடி. அதையும் தேடிப் பாருங்கள், அந்த மரம்கூடத் துண்டு துண்டாகி நிற்கிறது.