மெனோபாஸும் என் 40 பக்க நோட்டும்

மெனோபாஸ், அதாவது மாதவிடாய் நிற்கும் பருவம், நெருங்கி எனக்கு 49 வயதில் மாதவிடாய் தாறுமாறாக வரத் தொடங்கியது. இரண்டு மாதம் வராது, அப்புறம் 20 நாளிலேயே இரண்டு தடவை. கூடவே இரவு 3 மணிக்குத் தலையணை நனைந்து விழிப்பு. உடனே நான் செய்த காரியம், காரத்தை அடியோடு நிறுத்தியது. சாப்பாடு சப்பென்று ஆனதுதான் மிச்சம், வியர்வை அப்படியே இருந்தது.

அதனால் எடுத்த எடுப்பில் சாப்பாட்டை மாற்றாதீர்கள். 40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். இரண்டு வாரத்துக்கு, உடம்பில் சூடு பொங்கிய நேரம், அதற்கு முந்தைய 3 மணி நேரத்தில் சாப்பிட்டதும் குடித்ததும், எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்பது, இவ்வளவு போதும். அழகாக எழுத வேண்டியதில்லை. என் நோட்டில் பாதிப் பக்கம் அரைத் தூக்கத்தில் கிறுக்கியது.

அந்தக் கிறுக்கலில் திரும்பத் திரும்ப வந்தவை இரண்டு: மாலை 5 மணிக் காபி, இரவு ஒன்பதரைக்கு மேல் வயிறு முட்டச் சாப்பிட்டது. காரம் ஒரு இடத்திலும் சிக்கவில்லை. என் அக்காவுக்கோ நேர்மாறு. காபி அவளை ஒன்றும் செய்யாது, மிளகாய் பட்டால் ஐந்தே நிமிடத்தில் கழுத்து சிவக்கும்.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்கும்போது, உடல் வெப்பத்தைக் கவனித்துக்கொள்ளும் மூளைப் பகுதி கொஞ்சம் பதற்றக்காரியாகிவிடுகிறது. வெப்பம் துளி ஏறினாலும் பெரிதாக எடுத்துக்கொண்டு ரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைத் திறந்துவிடும். சூடான பானம், மது, காரம் எல்லாம் அந்தத் துளி ஏற்றத்தைத் தரக்கூடியவை. எது யாரைத் தூண்டும் என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. காபியில் தூக்கக் கேடும் சேர்ந்துகொள்கிறது. குடித்த காஃபினில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 5 மணிக் காபியில் பாதியோடுதான் நான் 10 மணிக்குப் படுத்திருக்கிறேன்! காபியை மதியத்துக்கு முன்னால் முடித்து, இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்கு இழுத்தேன். மூன்று வாரத்தில், நாளுக்கு எட்டு முறை சூடு பொங்கியது ஐந்தானது. முழுக்க நிற்கவில்லை. உணவால் எல்லாம் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சோயா பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சோயாவில் ஐசோஃப்ளேவோன் என்ற பொருள்கள் உண்டு, ஈஸ்ட்ரோஜன் போலவே லேசாக வேலை செய்பவை. அவற்றில் ஒன்றைச் சிலருடைய குடல் பாக்டீரியா ஈக்வால் என்ற இன்னும் வீரியமான பொருளாக மாற்றும், மற்றவர்களுக்கு மாற்றாது. பக்கத்து வீட்டுக்காரிக்குப் பலித்தது நமக்குப் பலிக்காமல் போக அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 2021ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், கொழுப்பு குறைந்த தாவர உணவோடு தினம் அரை கப் வேகவைத்த சோயா சாப்பிட்ட பெண்களுக்கு 12 வாரத்தில் சூடு பொங்குவது நன்றாகக் குறைந்தது. ஆனால் வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023ல் தந்த அறிவுரையில், இதற்காகச் சோயாவைப் பரிந்துரைக்கவில்லை, சான்று போதாது என்று. நானும் 12 வாரம் சாப்பிட்டுப் பார்த்தேன். நோட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. இருந்தாலும் நல்ல புரதம் என்பதால் விடவில்லை. மாத்திரையாக வாங்காமல், வேகவைத்த சோயா பயறாகவோ டோஃபு என்ற சோயா பன்னீராகவோ சாப்பிடுங்கள்.

சாப்பாட்டுக்கு உண்மையான வேலை எலும்பில்தான் இருக்கிறது. அது வலிக்காது, வியர்க்காது என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகத் தேயும். 50 வயதுக்கு மேல் பெண்களுக்கு நாளுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. ஒரு நாள் உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். ஒரு டம்ளர் பாலில் சுமார் 300, ஒரு கிண்ணம் தயிரிலும் கிட்டத்தட்ட அவ்வளவு. நான் கூட்டியபோது 500ஐத் தாண்டவில்லை, வெட்கமாக இருந்தது. பால் பிடிக்காதவர்கள் கால்சியம் சேர்த்த சோயா பால், கால்சியம் உப்பால் உறைய வைத்த டோஃபு, முள்ளோடு மெல்லும் சிறு மீன்கள் பக்கம் போகலாம். பசலைக்கீரையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நமக்குச் சேர்வது சொற்பம். வைட்டமின் டி உணவிலிருந்து போதுமான அளவு கிடைப்பது கடினம், ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவர் சொல்லும் அளவில் எடுங்கள்.

அப்புறம் புரதம். இந்த வயதில் தசை கரைந்து அந்த இடத்தில் இடுப்புக் கொழுப்பு வந்து உட்காரும். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை என்றால், 60 கிலோ எடைக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். இரவில் மொத்தமாகக் கொட்டாமல் காலையிலேயே ஆரம்பியுங்கள். நான் காலையில் இரண்டு முட்டையும் தயிரும் என்று மாற்றிய பிறகு 11 மணிக்கு பிஸ்கட் டப்பாவைத் தேடுவது நின்றது. கெட்ட கொழுப்பும் இந்தக் காலத்தில் ஏறும், ஓட்ஸ், பருப்பு, பழம் எல்லாம் அதற்கு.

மாதவிடாய் நிற்கும் முன் உதிரப்போக்கு அதிகமாக இருந்தால் இரும்புச்சத்தைச் சோதியுங்கள். என் களைப்பை மெனோபாஸ் தலையில் போட்டுவிட்டு ஆறு மாதம் ஓட்டினேன், கடைசியில் அது ரத்தசோகை.

தைராய்டு மாத்திரை போடுபவர்கள் கால்சியம் மாத்திரையை 4 மணி நேரம் தள்ளிப் போடுங்கள். 12 மாதம் மாதவிடாய் வராமல் இருந்து திரும்ப ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், நோட்டை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள். தூக்கமே இல்லாமல் தவிக்கிறீர்கள் என்றாலும் அதே. ஹார்மோன் சிகிச்சை உங்களுக்குச் சரிவருமா என்று அவரிடம் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.