இடது பக்கம் ஓட்டத் தெரிகிறது, இடது சக்கரம் எங்கே என்றுதான் தெரியவில்லை

ஜூலை பிறந்தால் புதுச்சேரித் தெருக்களில் பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த பிள்ளைகளைப் பார்க்கலாம். பாதி நாள் சொந்தக்காரர் வீடு, கல்யாணம், மஞ்சள்நீர் என்று போய்விடும். மீதி நாளில் பிச்சாவரம், வீராணம், பாகூர் ஏரி, மரக்காணம் உப்பளம் என்று ஒரு சுற்று. முன்பெல்லாம் இதற்கு டிரைவர் வைத்துக்கொள்வார்கள். இப்போது "அங்க பதினஞ்சு வருஷமா ஓட்டுறேன், இங்க ஓட்ட மாட்டேனா" என்று சாவியைக் கையில் வாங்கிக்கொள்கிறார்கள். ஓட்டலாம், தப்பில்லை. ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் வரிசையாக அதே நாலைந்து தவறைச் செய்கிறார்கள்.

பிரான்சில் வண்டி ரோட்டின் வலப்பக்கம் போகும், ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும்; இங்கே இரண்டும் நேர்மாறு. "இடது பக்கமாப் போ" என்று பாட்டி முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை சொல்லிவிடுவதால் அதை இங்கே விட்டுவிடலாம். வெயிலில் இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பர் ஆடுவதும் அப்படித்தான். மாருதி, டொயோட்டா, ஹோண்டாவில் இண்டிகேட்டர் வலது கையில் இருக்கும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவில் இடது கையில். கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் வரிசை மாறாது. கியர் இடது கைக்கு வரும். முதல் கியர் அங்கே உங்கள் தொடைப் பக்கம் இருந்தது, இங்கே உங்களை விட்டு விலகிய பக்கம் இருக்கும். அரை மணி நேரத்தில் கை பழகிவிடும். இதில் எதற்கும் காசு செலவில்லை.

வண்டி இடப்பக்கமே இறங்கி இறங்கிப் போவது

செலவு வைப்பது இதுதான். எல்லோரும் ராங் சைடைப் பற்றியே பயமுறுத்துகிறார்கள், இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. வாடகைக்குப் போய்த் திரும்பி வரும் காரின் இடப்பக்கத்தைப் பார்த்தால் போதும். சைடு மிரரின் முனையில் கீறல், முன்சக்கர ரிம்மில் கல் தேய்த்த வெள்ளைக் கோடு, டயரின் பக்கச் சுவரில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. வலப்பக்கம் புதுசு போல இருக்கும்.

ஏன் இப்படி என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அங்கே நீங்கள் காரின் இடது பாதியில் உட்காருகிறீர்கள். காரின் நடுவிலிருந்து உங்கள் உடம்பு சுமார் 35 செ.மீ. இடப்புறம் இருக்கும். பல வருஷம் அப்படி ஓட்டியதில், லேனில் உங்கள் உடம்பு எந்த இடத்தில் இருந்தால் வண்டி நடுவில் போகிறது என்று மூளை படித்து வைத்திருக்கிறது. இங்கே வலது பாதியில் உட்கார்ந்துகொண்டு உடம்பை அதே இடத்துக்குக் கொண்டுபோகிறீர்கள். அப்போது கார் 70 செ.மீ. இடப்புறம் தள்ளிப் போகும். ஓட்டுகிறவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். இடது சீட்டில் உட்கார்ந்திருக்கும் அத்தைக்குத்தான் புளியமரம் மடியில் வந்து விழுவதுபோல இருக்கும். "ஏம்பா, ஓரமாப் போவுது பாரு" என்று அவர் சொல்வதைப் பயம் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். அவர் சொல்வது அளவு. அதைக் கேளுங்கள்.

ஊருக்குள் இதனால் மிரர் போகும். கிராமத்து ரோட்டில் வேறு மாதிரி ஆகும். ஒற்றை லேன் கிராமச் சாலையின் தார் அகலம் பொதுவாக 3.75 மீட்டர். அதற்கு வெளியே மண் ஓரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த மண் கரைந்து, தார் விளிம்பு ஒரு சாண் உயரப் படிக்கட்டு போல நிற்கும். 60 கி.மீ. வேகத்தில் இடது சக்கரம் இரண்டும் அதிலிருந்து கீழே இறங்கினால் 'டொக்' என்று ஒரு சத்தம், அதன்பின் ஸ்டியரிங் இடப்பக்கம் இழுக்கும். புதியவர் பதறிப்போய் வலப்பக்கம் ஒடிப்பார். விபத்து நடப்பது அந்த நொடியில்தான்.

சக்கரம் உடனே மேலே ஏறாது. டயரின் பக்கச் சுவர் தார் விளிம்பில் உரசிக்கொண்டே வரும். ஏறவில்லையே என்று இன்னும் ஒடிப்பார். திடீரென்று டயர் பிடித்து ஏறிவிடும். அப்போது ஸ்டியரிங் எவ்வளவு ஒடிந்திருக்கிறதோ, அவ்வளவும் ஒரே வீச்சாக வண்டியை எதிர்ப்பக்கம் தள்ளும். அந்த நேரம் எதிரில் தனியார் பஸ் வந்தால் பிழைப்பது கஷ்டம். பஸ் வராவிட்டால் வலப்பக்க வாய்க்கால். சேத்தியாத்தோப்பிலிருந்து காட்டுமன்னார்கோயில் போகும் வீராணம் கரைச் சாலையில் ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் பள்ளத்தில் வயல். அங்கே தவறுக்கு இடம் கொடுக்கும் பக்கமே கிடையாது.

சக்கரம் இறங்கிவிட்டால் இப்படிச் செய்யுங்கள். ஸ்டியரிங்கை நேராக இறுக்கிப் பிடியுங்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். பிரேக்கை மிதித்து நிறுத்தப் பார்க்காதீர்கள். தாரில் இருக்கும் சக்கரமும் மண்ணில் இருக்கும் சக்கரமும் ஒரே மாதிரி பிடிக்காது, வண்டி சுழலும். மண்ணிலேயே ஓட விட்டு, வேகம் 20-க்குக் கீழ் வந்ததும் கண்ணாடியைப் பார்த்து, பின்னால் யாரும் இல்லை என்றால் மெதுவாக ஏற்றுங்கள். விளிம்பு உயரமாக இருந்தால் அப்படியே நின்றுவிட்டு, சமமான இடம் எங்கே என்று இறங்கிப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

சக்கரம் இப்படி இறங்காமல் தடுக்க, சாவி வாங்கிய அன்றே 20 நிமிடம் செலவிட வேண்டும். காலி மைதானத்தில் ஒரு கயிறை நேராகப் போட்டு, இடது சக்கரம் இரண்டும் அதன்மேல் நிற்கும்படி வண்டியை நிறுத்துங்கள். உங்கள் சீட்டில் சரியாக உட்கார்ந்து, முன்னால் நீளும் கயிறு பானட்டை எந்த இடத்தில் தொடுவதுபோலத் தெரிகிறது என்று பாருங்கள். பெரும்பாலான சின்னக் கார்களில் அது பானட்டின் நடுவுக்குப் பக்கமாக இருக்கும். முதல் தடவை பார்க்கிற எவரும் நம்ப மாட்டார்கள்; இடது ஓரத்தில் தெரியும் என்றுதான் நினைத்திருப்பார்கள். அந்த இடத்துக்கு நேராக முன்கண்ணாடியின் அடியில் ஒரு சிவப்பு டேப் துண்டு ஒட்டுங்கள். ரோட்டில் தார் விளிம்பு அந்த டேப்பைத் தொட்டால் சக்கரம் விளிம்பில் இருக்கிறது என்று பொருள். விளிம்பு எப்போதும் டேப்புக்கு இடப்புறமே தெரிய வேண்டும். இரண்டு நாளில் டேப் தேவைப்படாது. இடது சைடு மிரரையும் கொஞ்சம் கீழே சாய்த்து வையுங்கள், பின்சக்கரம் தெரியும்.

ஒன்று மட்டும் பாக்கி. எதிரில் டவுன் பஸ் வந்தால் நீங்கள் மண்ணில் இறங்கித்தான் ஆக வேண்டும். பஸ்ஸின் அகலம் இரண்டரை மீட்டர், உங்கள் கார் 1.7 மீட்டர். இரண்டும் சேர்ந்து 3.75-க்குள் அடங்காது. பஸ் தூரத்தில் தெரியும்போதே வேகத்தைக் குறைத்து, நடக்கிற வேகத்தில் இடது சக்கரத்தை மட்டும் இறக்கி நில்லுங்கள். வேகமாக இறங்குவதில்தான் ஆபத்து. பஸ் இறங்கட்டும் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நின்று கிளம்பும்போது எதிர்ப்பக்கம் போவது

நெரிசலில் யாரும் ராங் சைடில் போவதில்லை. முன்னால் போகிற ஷேர் ஆட்டோவே வழி காட்டிவிடும். காலி ரோட்டில், அதுவும் நிறுத்திவிட்டுக் கிளம்பும்போதுதான் பழைய பழக்கம் தலைதூக்கும். இளநீர் குடித்துவிட்டு ஏறும்போது, வலப்பக்கம் இருக்கும் பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது, ஒயிட் டவுன் ஒன் வே தெருவிலிருந்து இருவழிச் சாலைக்குத் திரும்பும்போது. இந்த மூன்று இடத்திலும் கியர் போடும் முன் ஒரு கேள்வி: என் தோள் ரோட்டின் நடுப்பக்கம் இருக்கிறதா? அங்கேயும் இங்கேயும் ஓட்டுநர் உட்காருவது நடுக்கோட்டுப் பக்கம்தான். பக்கத்தில் இருப்பவர் நடுவில் இருந்தால் நீங்கள் தப்பான பக்கத்தில் இருக்கிறீர்கள்.

வலது திருப்பத்துக்கு இன்னொரு கவனம் வேண்டும். அங்கே வலது திருப்பம் சின்னது, மூலையை ஒட்டித் திரும்பிவிடலாம். இங்கே சந்திப்பின் நடுவைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். மூலையை வெட்டித் திரும்பினால் புதுத் தெருவின் ராங் சைடில் போய் நிற்பீர்கள். சந்திப்பில் முதலில் வலப்பக்கம் பாருங்கள், முதலில் வந்து மோதக்கூடிய வண்டி அங்கிருந்துதான் வரும். பிறகு இடம், மறுபடி வலம்.

ரவுண்டானா

கடிகாரம் சுற்றும் பக்கமாக.

நான்குவழிச் சாலையில் வலது லேனில் உருள்வது

விழுப்புரம்–நாகப்பட்டினம் சாலையில் பார்க்கலாம். மெதுவாகப் போக நினைத்தால் கை தானாக வலது லேனுக்குப் போகும், ஏனென்றால் அங்கே மெதுவான லேன் அதுதான். இங்கே அது முந்துகிற லேன். 60-இல் போய்க்கொண்டு, பின்னால் ஏர் ஹாரன் அடித்தால் "ஏன் கத்துறான்" என்று கோபப்படுகிறார்கள். இடது லேனுக்கு வாருங்கள். ஆனால் அதன் ஓரத்தை ஒட்டிப் போகாதீர்கள். பாலம் வரை சுற்றிப் போகச் சோம்பல்பட்ட பைக்குகள் அந்த ஓரத்தில்தான் உங்களுக்கு எதிராக வரும்.

லைட்டின் மொழி

எதிர்வண்டி ஹை பீம் அடித்தால் "நான் வருகிறேன், நீ நில்" என்று பொருள். வழி விடுகிறார் என்று நினைத்துத் திரும்பாதீர்கள். சந்திப்பில் நாலு இண்டிகேட்டரும் எரிந்தால் "நேரே போகிறேன்" என்கிறார்; விதியில் இல்லை, வழக்கத்தில் இருக்கிறது. முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் வலப்பக்கம் திரும்பப்போகிறது என்றும் இருக்கலாம், "முந்திக்கோ" என்றும் இருக்கலாம். அதை நம்பி முந்த வேண்டாம். கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்வாங்கினால் எதிர்ப்பக்கம் உங்களுக்கே தெரியும்.

நெல் காயும் ரோடு

அறுவடைக் காலத்தில் பாகூர், காட்டுமன்னார்கோயில் பக்கம் ரோட்டின் பாதியில் நெல்லோ உளுந்தோ காயும். ஓரத்தில் வரிசையாகக் கல் அடுக்கியிருப்பார்கள். உங்கள் பக்கம் காய்ந்தால் எதிர்ப்பக்கம் ஏறித்தான் போக வேண்டும். அப்படிப் போனவர் நெல் முடிந்தபிறகும் அங்கேயே போய்க்கொண்டிருப்பார், பழகிய பக்கமாயிற்றே. கடைசிக் கல்லைத் தாண்டியதும் இடப்பக்கம் வந்துவிடுங்கள். நெல்மேல் ஏற்றினால் சக்கரம் வழுக்கும், கூடவே ஊரும் கூடும். செடியோடு பரப்பியிருக்கும் உளுந்தின் மேல் போகவே கூடாது. தாள் வண்டிக்கு அடியில் சிக்கி, சைலன்சர் சூட்டில் புகையும், தீயும் பிடிக்கும்.

ராத்திரி

முதல் மூன்று நாள் வேண்டாம். கரும்பு அரவை நாட்களில் நெல்லிக்குப்பம் ரோட்டில் எப்போதுமே வேண்டாம். டிராக்டர் ட்ரெய்லருக்குப் பின்விளக்கு இருக்காது, கரும்பு பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும்.

"ஒரு பீர்தானே"

பிரான்சில் 100 மி.லி. ரத்தத்தில் 50 மி.கி. வரை விடுவார்கள். இங்கே 30 மி.கி. அங்கே கணக்குக்குள் அடங்கிய அளவு இங்கே குற்றம். புதுச்சேரியில் வாங்கிய பாட்டிலை டிக்கியில் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டு எல்லையான முள்ளோடையைத் தாண்டிக் கடலூர் போவது தனிக் குற்றம்.

வெள்ளை நம்பர் பிளேட்டில் வாடகைக் கார்

ஓட்டுநர் இல்லாமல் வாடகைக்கு விட அனுமதி பெற்ற காருக்குக் கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கும். தெரிந்தவர் வழியாக, நாளுக்கு முந்நூறு குறைவு என்று வெள்ளை பிளேட் கார் கிடைக்கும். சொந்தக் காரை வாடகைக்கு விட்டது தெரிந்தால் இன்சூரன்ஸ் பணம் தர மறுக்கும். அந்த முந்நூறை அப்போது எண்ணிப் பாருங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை அங்கேயே வாங்கி வர வேண்டும், கேட்ட வாரத்தில் கிடைக்காது, மாதக்கணக்கில் முன்பே விண்ணப்பியுங்கள். அதோடு மூல உரிமமும் கையில் இருக்க வேண்டும். வண்டியை எடுக்கும்போது நாலு ரிம்மையும் மிரர் முனையையும் போட்டோ எடுத்துவிடுங்கள், இடப்பக்கத்தை இரண்டு தடவை.

காருக்குப் பயந்து ஸ்கூட்டர் எடுப்பது

சின்ன வண்டிதானே என்று நினைக்கிறார்கள். காரில் ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதே ஒரு நினைவூட்டல். ஸ்கூட்டரில் அது கிடையாது. இங்கே ஓட்டினாலும் அங்கே ஓட்டினாலும் கைப்பிடி ஒன்றுதான். அதனால் குயிலாப்பாளையம் பக்கத்துக் காலி ரோட்டில் ராங் சைடு போவது காரைவிட ஸ்கூட்டரில் அதிகம். சர்வதேச ஓட்டுநர் அனுமதியில் கார் பிரிவு மட்டும் முத்திரை குத்தியிருந்தால் 110 சிசி ஸ்கூட்டருக்கு அது செல்லாது என்பது இன்னொன்று. எடுத்தே தீருவேன் என்றால் இடது கண்ணாடிக் கம்பியில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டுங்கள். ரோட்டின் ஓரம் அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கேட்டு வாங்குங்கள். கடையில் பெரும்பாலும் ஒன்றைத்தான் நீட்டுவார்கள்.