குளத்துச் சேற்றில் பாதரசத்தின் வரலாறு: கொங்கு நாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏரியின் அடியில் ஆண்டுதோறும் சேறு அடுக்கடுக்காகப் படிகிறது. நீண்ட குழாயைச் செருகி அதைக் கலையாமல் உருவி, மேலிருந்து கீழாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் பாதரசத்தை அளந்தால் நூற்றைம்பது ஆண்டு மாசின் கதை கிடைக்கும் என்கிறது பாடநூல். ஸ்வீடனிலும் கனடாவிலும் காட்டுக்குள் கிடக்கும் ஏரிகளுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். கோவை உக்கடம் பெரியகுளத்துக்கு அப்படியே பொருத்தினால் கதை கிடைக்கும், வரலாறு கிடைக்காது.

காரணம் எளிது. நொய்யல் வழிக் குளங்கள், ஆற்று வெள்ளத்தை வாய்க்கால் வெட்டித் திருப்பித் தேக்க மனிதர் கட்டியவை. மழை பொய்த்த ஆண்டுகளில் அவை வற்றும். சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பு வழியாக இந்த ஆண்டின் புழுதி முப்பது ஆண்டுக்கு முந்தைய அடுக்கில் போய் விழும். மாடுகள் மிதித்துக் கலக்கும். இதற்கெல்லாம் மேல், குளம் வற்றியதும் வண்டலை வெட்டித் தோட்டத்துக்கு ஏற்றுவது நம் பக்கம் மிகப் பழைய வழக்கம். 2013 கோடையில் பெரியகுளத்தைத் தூர்வாரத் தன்னார்வலர்கள் திரண்டதைக் கோவையே பார்த்தது. 2017இல் குடிமராமத்துத் திட்டம் வந்தபின் எத்தனையோ குளங்களின் மேல் அடுக்குகள் வண்டியேறிப் போய்விட்டன. அந்தப் பாதரசம் இப்போது எந்தத் தென்னந்தோப்பில் இருக்கிறதோ!

ஆகவே பெரும் தவறு ஆய்வகத்தில் நடப்பதில்லை. குளத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே நடந்துவிடுகிறது. குழாயை இறக்குமுன் விசாரிக்க வேண்டியவை பல: எந்த ஆண்டு தூர்வாரினார்கள், எந்தக் கரைப் பக்கம் மண் எடுத்தார்கள், மதகு எப்போது மாற்றப்பட்டது, சாக்கடை எப்போது திருப்பிவிடப்பட்டது. பொதுப்பணித் துறைக் கோப்புகளில் பாதி கிடைக்கும். மீதி ஆயக்கட்டு விவசாயிகளிடமும் மீன் குத்தகைக்காரரிடமும்தான் கிடைக்கும். இந்த விசாரணையை அறிவியல் அல்ல என்று ஒதுக்குபவர்களின் வரைபடங்களை நான் நம்புவதில்லை.

ஆழத்தை ஆண்டால் வகுத்துக் காலம் சொல்வது அடுத்த வழுக்கல். ஒரு மீட்டருக்கு நூறு ஆண்டு, ஆகவே சென்டிமீட்டருக்கு ஓர் ஆண்டு என்று கணக்குப் போட்டால் பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் வாங்கலாம். சேறு அப்படிச் சீராகப் படிவதில்லை. ஈயம்-210 என்பது ஈயத்தின் கதிரியக்க வடிவம்; அதன் அரை ஆயுள், அதாவது சிதைந்து பாதியாகும் காலம், ஏறத்தாழ 22 ஆண்டு. அதை அளந்து சுமார் 100 முதல் 150 ஆண்டு வரை காலம் கணிக்கலாம். ஆழம் கூடக்கூட அது படிப்படியாகக் குறைய வேண்டும். ஓரிடத்தில் சட்டென்று விழுந்தால், இடையில் சில அடுக்குகள் காணாமல் போயிருக்கலாம் என்ற எச்சரிக்கையாக அதை எடுத்துக்கொள்ளுங்கள். அணுகுண்டுச் சோதனைகள் உதிர்த்த சீசியம்-137 உச்சத்தை 1963 என்று வைத்துச் சரிபார்ப்பது உலக வழக்கம். ஆனால் நம் வெப்பமண்டலத்தில் அந்த உதிர்வு வடக்கு நாடுகளைவிட மிகக் குறைவு. உச்சம் மங்கலாக இருந்தால் அதை வலிந்து 1963 ஆக்கிவிடக் கூடாது.

அணைகளுக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். போகலாம். மேட்டூர் 1934இலும் பவானிசாகர் 1955இலும் முடிந்தவை. அடிச்சேற்றின் வயது அதைவிடப் பழையதாக இருக்க முடியாது என்பது பெரிய வசதி. அதுவே குறையும்கூட. தொழிற்புரட்சிக்கு முந்தைய அடுக்கு அங்கே இல்லவே இல்லை. அப்போது இயற்கைப் பின்னணி அளவு (மனித மாசுக்கு முன்பே இருந்த அளவு) என்று உலகச் சராசரியைப் புத்தகத்திலிருந்து எடுத்து ஒட்டுகிறார்கள். அது வேண்டாம், அதே நீர்ப்பிடிப்பின் பாறை, மண் ஆகியவற்றிலிருந்து பின்னணியைக் கட்டுங்கள். நெடுங்காலத்துக்குப் பின்னால் போக வேண்டுமானால் நீலகிரிக்கு ஏறுவது நல்லது. சாண்டிநல்லா போன்ற சதுப்புகளில் பல்லாயிரம் ஆண்டு மக்கிய தாவரப் படிவு கிடக்கிறது. அதன் வயதைக் கரிமம்-14 சொல்லும்.

செறிவை (ஒரு கிராம் சேற்றில் உள்ள பாதரசத்தை) மட்டும் பார்ப்பது எண்ணில் நேரும் ஏமாற்றம். கற்பனையாக ஒரு கணக்கு: ஒரு கிராம் உலர்ந்த சேற்றில் 100 நானோகிராம் பாதரசம், ஆண்டுக்கு ஒரு சதுர மீட்டரில் 500 கிராம் சேறு படிகிறது. படிந்த பாதரசம் 50 மைக்ரோகிராம். பின்பு மேட்டுநிலம் உழப்பட்டு மண் அரித்து, படிவு 1,500 கிராமாகிறது. செறிவு 60 ஆக இறங்குகிறது. வரைபடம் மாசு குறைந்தது என்று காட்டும். உண்மையில் ஆண்டு வரத்து 90 மைக்ரோகிராம். அதில் மண்ணோடு வந்தது எவ்வளவு என்று பிரிக்க, மண்ணோடு வரும் டைட்டானியம், அலுமினியம் போன்றவற்றையும் கூடவே அளக்க வேண்டும். கரிமப் பொருளையும் அளக்க வேண்டும்; பாதரசம் அதை இறுகப் பற்றும். சாக்கடையும் ஆகாயத்தாமரையும் நிறைந்த குளத்தில், கரிமம் கூடியதாலேயே பாதரசமும் கூடித் தெரியலாம்.

மாதிரியை 105 டிகிரி அடுப்பில் உலர்த்தினால் பாதரசத்தில் ஒரு பகுதி ஆவியாகிப் போகும். உறையவைத்து உலர்த்துவதே முறை. மில்லிகிராமையும் மைக்ரோகிராமையும் மாற்றி எழுதிவிட்டால் ஆயிரம் மடங்கு பிழை. அச்சேறிய கட்டுரைகளிலேயே இது நடக்கிறது.

இனி, குற்றவாளியைத் தேடும் அவசரம். கொங்கு நாட்டில் எந்த மாசு என்றாலும் விரல் சாயப்பட்டறைப் பக்கம் நீளும். நீரில் உப்பு கூடியதற்கு அது சரி. பாதரசத்துக்கு அவ்வளவு நேராகச் சொல்ல முடியாது. பட்டறைகள் பயன்படுத்தும் காஸ்டிக் சோடா, பாதரசத்தை மின்முனையாக வைத்த பழைய மின்கல முறையில் தயாரானபோது அதில் பாதரசத் தடயம் இருந்ததுண்டு என்பதால் முற்றாக விலக்கவும் முடியாது. நிலக்கரியில் பாதரசம் உண்டு. மேட்டூர் அனல்மின் நிலையம் 1987 முதல் இயங்குகிறது. கரும்புக் கரணைக்கும் உருளைக்கிழங்கு விதைக்கும் பாதரசப் பூஞ்சைக்கொல்லியால் நேர்த்தி செய்த காலமும் இருந்தது. அந்த மருந்து 2018இல்தான் நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. குழல்விளக்கு, தெர்மாமீட்டர், பல் அடைக்கும் கலவை எல்லாம் சாக்கடை வழி வரும். இவற்றுக்கு மேல் காற்று: ஆவியான பாதரசம் மாதக்கணக்கில் வானில் சுற்றும், எங்கோ எரித்தது இங்கே மழையோடு இறங்கும். உலக ஏரிப் படிவுகளில் இந்த வரத்து தொழிற்புரட்சிக்குப் பின் ஏறத்தாழ மூன்று மடங்காகியிருக்கிறது. அவ்வளவுக்கு உள்ளூர் ஆலை எதையும் பொறுப்பாக்க முடியாது.

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டதை எல்லோரும் அறிவர். அதன் பாதரசக் கழிவு அமராவதி அணைக்கு வந்திருக்கும் என்ற ஊகத்துக்குப் பாம்பாறு என்ற பெயரே வழி திறந்துவிடுகிறது. மறையூர்ப் பக்கத்துப் பாம்பாறு அமராவதிக்கு வருவது. கொடைக்கானல் பாம்பாறு கும்பக்கரை வழியாக வைகைப் பக்கம் இறங்குவது. நீர்ப்பிடிப்பு வரைபடத்தைப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். காற்று வழியாக வந்திருக்குமா என்பது வேறு கேள்வி, அதற்கு வேறு சான்று வேண்டும்.

சேற்றின் மொத்தப் பாதரச எண்ணை வைத்து, குளத்து மீனைச் சாப்பிடலாமா என்பதற்குத் தீர்ப்புச் சொல்வதும் நடக்கிறது. மீனில் சேர்வது பெரும்பாலும் மீத்தைல் பாதரசம். ஆக்சிஜன் இல்லாச் சேற்றில் நுண்ணுயிர்கள் அதை உருவாக்குகின்றன. சல்பேட்டும் கரிமமும் அந்த வேகத்தை மாற்றும். மொத்த அளவு குறைந்த குளத்திலும் மீனில் கூடுதலாக இருக்கலாம். மீனைப் பற்றிக் கேள்வி என்றால் மீனின் தசையைத்தான் அளக்க வேண்டும்; அதிலும் பிற மீன்களைத் தின்னும் விராலையும் பாசி மேயும் ஜிலேபிக் கெண்டையையும் ஒரே சராசரியில் சேர்க்காமல் தனித்தனியாக.